கைய விடுலே

சேத்தூர்ப் பக்கத்தில் வந்து சோலைராஜ் என்று கேட்டால், "எந்தச் சோலைராஜ்?" என்று திருப்பிக் கேட்பார்கள். டிராக்டர் வைத்திருக்கிற சோலைராஜ் ஒருவர் உண்டு. ரேஷன் கடையில் எடை போடுகிற சோலைராஜ் ஒருவர் உண்டு. மில்லுக்குப் போகிற சோலைராஜ் என்று சொன்னால்கூடச் செத்த நேரம் யோசிப்பார்கள். "கைவிட்டான்" என்று சொல்லிவிட்டால் போதும். டீக்கடைப் பெஞ்சில் இருக்கிறவர் கிளாஸைக் கீழே வைக்காமலே தெருவைக் காட்டிவிடுவார்.

அந்தப் பெயரில் வன்மம் ஒன்றும் இல்லை. அந்த ஊரில் 'மைக்செட்டு' இருக்கிறார், 'அரைப்படி' இருக்கிறார், அதைப்போல இதுவும் ஒன்று. கூப்பிட்டால் அவனும் திரும்பிப் பார்ப்பான். என்ன, திரும்புகிற அந்தக் கண நேரத்துக்குள் ஓர் ஆறு செம்மண் நிறத்தில் அவன் கண்ணுக்குள் ஓடி அடங்கும். பிறகுதான் கூப்பிட்டவர் முகம் தெரியும்.

அந்த ஆற்றங்கரைக்கு மேற்கே, மலையின் காலடியில் இருந்த ஒரு மாந்தோப்பில்தான் முன்பு அவனுக்கு வேலை. அவனும் சமுத்திரமும் சேர்ந்து களை வெட்டினார்கள், வேலி கட்டினார்கள், சாயங்காலம் ஆளுக்கொரு புல்லுக்கட்டோடு ஆற்றைக் கடந்து வீட்டுக்கு வந்தார்கள். சமுத்திரம் நாலைந்து வயது மூத்தவன், ஒரே தெரு. இரத்த உறவு இல்லாவிட்டாலும் சோலைராஜுக்கு அவன் அண்ணன், அவன் பெண்டாட்டி கருத்தம்மா மதினி. சமுத்திரத்துக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அப்போதுதான் கருத்தம்மா வயிற்றில் பிள்ளை இருந்தது. அதிலிருந்து அவன் நடையே மாறிப்போயிருந்தது, பூமியைத் தொடாமல் நடக்கிற மாதிரி.

ஐப்பசி மாதத்து மதியம் அது. தோப்பின் மேல் வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. மலை உச்சியில் மட்டும் யாரோ கறுப்புப் போர்வையை உதறிப் போட்டதுபோல ஒரு மேகம் கிடந்தது. அன்றைக்குச் சமுத்திரம் சீக்கிரமே கிளம்பிவிட்டான்.

"ஏலே சோல, வெரசா நட. ஒம் மதினி நெத்திலிக் கருவாட்டுக் கொழம்பு வைக்கேன்னிருக்கா. ஆறிப்போச்சுன்னா அவ மூஞ்சியும் ஆறிப்போயிரும்."

"கொழம்புக்குப் போறியளா, மதினியப் பாக்கப் போறியளா?"

"ரெண்டும் ஒரே அடுப்புலதானலே இருக்கு."

ஆற்றில் கணுக்கால் தண்ணீர். நடு ஆற்றில் ஒரு மண்திட்டு, அதில் ஒரு மருத மரம் சாய்ந்து நின்றது. அந்தத் திட்டை எட்டும்போதுதான் சோலைராஜ் கவனித்தான், தவளைகூடச் சத்தம் போடவில்லை. தூரத்தில் பாரம் ஏற்றிய லாரி ஒன்று மலையிலிருந்து இறங்கி வருகிற மாதிரி ஓர் உறுமல். அங்கே ரோடே கிடையாது. முதலில் சருகும் நுரையும் வந்தன. அதன் பின்னால் ஆறு எழுந்து நின்று வந்தது.

சோலைராஜ் ஒல்லி, மரத்தின் கவட்டைக்கு ஏறிவிட்டான். சமுத்திரம் புல்லுக்கட்டை அவிழ்த்துவிட்டு அந்த நைலான் கயிற்றை மேல் கிளையில் எறிந்து இறுக்கினான். மறுமுனையில் கை நுழைகிற அளவுக்கு ஒரு வளையம் போட்டான். வளையம் சோலைராஜின் இடது தோளருகே தொங்கி ஆடியது. சமுத்திரம் ஏறுவதற்குக் காலைத் தூக்கினான். அவன் நின்ற திட்டு, சீனியைப்போலக் கரைந்து போயிற்று.

சோலைராஜ் வலது கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். இடது கையால் கிளையை அணைத்துக்கொண்டான். தண்ணீர் சமுத்திரத்தைப் படுக்கப்போட்டு இழுத்தது. அணைத்திருந்த கிளை முறுகுகிற சத்தம் சோலைராஜின் நெஞ்செலும்பில் கேட்டது. சமுத்திரம் தலையைத் தூக்கிப் பார்த்தான். கண்ணுக்குள்ளும் சேறு. ஏதோ கத்தினான். பாதியை ஆறு தின்றுவிட்டது. மறுபடி கத்தினான்.

"...கைய விடுலே! கைய விடு!"

சோலைராஜ் விட்டான்.

அவ்வளவுதான். சத்தம்கூட இல்லை. விட்ட கை காற்றில் எதையோ தேடியது. பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த கயிற்று வளையத்துக்குள் தானாகப் போய் நுழைந்துகொண்டது. சாயங்காலம் தீயணைப்பு வண்டி வருகிற வரைக்கும் அந்த வளையம்தான் அவனை மரத்தோடு வைத்திருந்தது. சமுத்திரத்தை மறுநாள் கீழே ஒரு கண்மாய்க் கரையில் எடுத்தார்கள்.

சோலைராஜ் எதையும் மறைக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் நடந்ததை நடந்தபடி சொன்னான். "கிளை முறிய இருந்துச்சு. அண்ணன்தான் கைய விடுலேன்னுச்சு. விட்டுட்டேன்." ஊர் அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. ரெண்டு உயிரும் போவதற்கு ஒன்றாவது தங்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போன மனுஷன்! டீக்கடை வேல்பாண்டி ஊரில் கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றின் பிளெக்ஸுக்கும் வாசகம் எழுதுகிறவன். அவன் 'உயிர் ஈந்த உத்தமனுக்கு' என்று அடித்து மாட்டினான். சமுத்திரம் உத்தமன் ஆகிவிட்டான். உத்தமன் சொன்னபடி கேட்டவன் என்பதால் சோலைராஜ் மேலும் பழி வரவில்லை. ஒரு பட்டப்பெயரோடு போயிற்று.

கருத்தம்மாவின் அப்பன் வீட்டார் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து அவளைக் கூட்டிப்போனார்கள். அங்கே பெண் பிள்ளை பிறந்தது, இந்து என்று பெயர் வைத்தார்கள். தீபாவளி தவறாமல் சோலைராஜ் பிள்ளைக்குத் துணி எடுத்துக்கொண்டு போய் வந்தான். கருத்தம்மா வாங்கி வைத்துக்கொள்வாள். காப்பி கொடுப்பாள். முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். நாம் உயிரோடு இருப்பதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை, நியாயம்தானே என்று அவன் நினைத்துக்கொள்வான்.

ஆற்றைக் கடக்க அவனால் முடியவில்லை. கணுக்கால் தண்ணீரைக் கண்டாலே வலது கை குளிர்ந்துபோயிற்று. அதனால்தான் இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலைக்கு வேலைக்குப் போனான்.

மில் அவனுக்குப் பிடித்திருந்தது. வெயில் இல்லாத, மழை இல்லாத, காலமே இல்லாத ஓர் இடம். தேவதானம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அரைத்தூக்கத்தில் வந்து இறங்கினால், உள்ளே அந்தத் தூக்கம் தொடர்ந்துகொண்டே இருந்தது. எங்கும் வெள்ளை. விளக்கு வெளிச்சத்தில் பஞ்சுத் துகள் மேலும் போகாமல் கீழும் வராமல் மிதந்தது. கார்டிங் மெஷினின் ஒரு பக்கம் பஞ்சு போகும். மறுபக்கம் அது சல்லாத்துணியைப்போல, மார்கழிப் பனியைப்போல, ஊதினால் போய்விடும் என்கிற மாதிரி ஒரு திரையாக இறங்கி, ஒரு துளைக்குள் குவிந்து, விரல் பருமனில் கயிறாகி டப்பாவுக்குள் சுருண்டுகொள்ளும். அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றால் இந்தப் பக்கம் இருக்கிறோமா அந்தப் பக்கம் இருக்கிறோமா என்று மறந்துபோகும். 'என்னமோ செத்த பொறவு வந்து சேர்ந்த இடம் மாதிரி இருக்கு' என்று அவன் நினைத்ததுண்டு. அந்த நினைப்பு அவனைப் பயமுறுத்தவில்லை.

கார்டிங் மேஸ்திரி அழகுராஜா. இராஜபாளையத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், வாய் சும்மா இருக்காது. சேர்ந்த புதிதில் ஒருநாள் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது சோலைராஜ் உருளைப் பக்கம் குனிந்ததைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"ஏம்ப்பா, போர்டைப் படிச்சியா இல்லையா?"

சுவரில் சிவப்பு எழுத்தில் இருந்தது: ஓடும் இயந்திரத்தில் கையை விடாதே.

சோலைராஜ் படித்தான். அதற்கு முன்பும் பலமுறை பார்த்திருக்கிறான். அன்றைக்கு ஏனோ அந்த வரி வேறு யாரோ எழுதியது மாதிரி இருந்தது.

"விடாதேன்னா... புடிச்சுக்கிடணுமா அண்ணாச்சி?"

அழகுராஜா இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். பக்கத்து மெஷின் ஆட்களையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். "எதை, ரோலரையா? புடிச்சா நீ இந்தப் பக்கம் ஆளாப் போயி அந்தப் பக்கம் நூலா வருவ. உள்ள விடாதேங்காங்கப்பா! செய்யி பெட்டொத்து!"

"என்னது?"

"எங்க வீட்டுப் பாசை, கைய வைக்காதேன்னு. உள்ள வைக்கிறதுக்குப் 'பெட்டு'. புடிச்சதைப் போகவிடுறதுக்கு 'வதுலு'. எங்களுக்குக் கொழப்பமே கெடையாது. நீங்கதான் ரெண்டுக்கும் சேத்து ஒரே வார்த்தைய வச்சுக்கிட்டு அலையுதீக. கைய விடுன்னா எடுக்கவா, வைக்கவா?"

ஆட்கள் சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். சோலைராஜ் நின்ற இடத்திலேயே நின்றான். பஞ்சு அவன் இமையில் வந்து உட்கார்ந்தது. தட்டிவிட அவன் கை எழவில்லை. மில்லின் இரைச்சல் மெல்ல மெல்ல ஆற்றின் இரைச்சலாகிக்கொண்டிருந்தது. வெள்ளைத் திரைக்குப் பின்னாலிருந்து சேறு அப்பிய ஒரு முகம் நிமிர்ந்து, 'கைய விடுலே' என்றது.

சமுத்திரம் பார்த்தது எதை? சோலைராஜின் முகத்தையா? அவன் தோளருகே ஆடிய வளையத்தையா?

கிளையை அணைத்திருந்த இடது கையை அந்த வளையத்துக்குள் விட்டிருந்தால் உடம்பு கயிற்றில் நின்றிருக்கும். கிளை முறிந்தாலும் மேல் கிளை தாங்கியிருக்கும். அவசரத்துக்கு யாரும் 'சுருக்குக்குள்ளே உன் இடது கையை நுழைத்துக்கொள்' என்று இலக்கணமாகக் கத்தமாட்டார்கள். 'கைய விடு' என்றுதான் கத்துவார்கள். பையில், பொந்தில், பானையில், எதிலுமே கையை விடத்தான் சொல்வோம். ஆறு தின்ற அந்த முதல் பாதியில் என்ன இருந்தது? 'சுருக்குல' என்று இருந்ததா? 'என்' என்று இருந்ததா?

விட்ட கையைத்தான் அவன் பிறகு அந்த வளையத்துக்குள் விட்டான்.

அதன் பிறகு கனவு மாறிவிட்டது. முன்பெல்லாம் அவன் கனவில் ஆறு சத்தமே இல்லாமல் மலையை நோக்கி மேல்முகமாக ஓடும். சமுத்திரம் அதில் மல்லாக்கப் படுத்து, நனையாத பீடியைப் புகைத்துக்கொண்டு போவான். சந்தோஷமான கனவுதான். இப்போது சமுத்திரம் எழுந்து உட்கார்ந்து எதையோ சொல்ல வாயைத் திறந்தான். வாயிலிருந்து பஞ்சு வந்தது. சோலைராஜ் அந்தப் பஞ்சை இழுத்துக்கொண்டே இருந்தான். கயிறாகத் திரண்டு வந்துகொண்டே இருந்தது. சொல் மட்டும் வரவில்லை.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், யாருக்கோ நடந்தது மாதிரி அழகுராஜாவிடம் கேட்டுப் பார்த்தான். ஒருத்தன் மாட்டிக்கொண்டால் பக்கத்தில் இருக்கிறவன் பிடித்துக்கொள்ள வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா?

அழகுராஜா மோர்மிளகாயைக் கடித்தார். "மெசின்ல ஒருத்தன் கை மாட்டுச்சுன்னா அவன் கைய நீ தொடவே கூடாது. ஓடிப்போயி சுவிட்சை அமத்தணும். பாசத்துல புடிச்சு இழுத்தேன்னு வையி, ரெண்டு பேரும் உள்ள. தன் உசுரப் பாத்துக்கிடுறதுல என்னப்பா தப்பு? நீ இருந்தாத்தான அவனுக்கு ஆம்புலன்ஸுக்கே போன் போட முடியும்."

சோலைராஜுக்கும் அது தெரியும். பிழைத்தது தப்பு என்று அவனுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. முறியப்போகிற கிளையில் ஒருவனும் சாக விரும்பமாட்டான். சங்கடம் அதில் இல்லை. அந்த மனுஷன் சொல்லித்தான் விட்டேன் என்கிற ஒரு தாளில் சமுத்திரத்தின் கையெழுத்தைத் தானே போட்டுக்கொண்டு இத்தனை நாள் நடமாடினோமோ என்பதுதான். இன்னொன்றும் இருந்தது. அதை நினைக்கும்போது அவன் கண்ணை மூடிக்கொள்வான். அந்தச் சொல் காதில் விழுந்து விரல் தளர்ந்ததா? விரல் தளர்ந்த பிறகு காதில் விழுந்ததா?

யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? உத்தமனின் பெண்டாட்டி என்ற பெயராவது கருத்தம்மாவுக்கு மிஞ்சியிருக்கிறது. 'உன் புருஷன் உயிரை ஈயவில்லை, பிழைக்க வழி சொன்னான், நான் தப்பாகக் கேட்டுவிட்டேன்' என்று அதையும் பிடுங்கவா? இப்படி நினைத்துத் தன்னைச் சமாதானம் செய்துகொண்டான். அந்தச் சமாதானம் தனக்கும் வசதியாகத்தான் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை.

இந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த ஒரு வருஷம், ஐப்பசி நெருங்கும்போது வேல்பாண்டி வீட்டுக்கே வந்துவிட்டான். பஸ் ஸ்டாப் பக்கத்தில் சமுத்திரத்துக்கு ஒரு கல் வைக்கப்போகிறார்கள். கிரானைட். ஊரே சேர்ந்து செய்வது. வாசகமும் எழுதியாகிவிட்டது.

"கேளு, கேளு. 'கையை விடு என்றான், உயிரை விட்டான், பேரை விட்டுச் சென்றான்.' எப்படி? மூணு விடு வருது பாத்தியா?"

"பாத்தேன்."

"என்னலே, பாத்தேங்க? புல்லரிக்க வேண்டாமா? சரி, நீதான் போயி மதினியக் கூட்டியாரணும். அவுக கையால தெறக்கணும். நான் போன் போட்டா எடுக்க மாட்டேங்காக. கல்லு வெட்டுற ஆளு திங்கக்கெழம எழுத்துல கைவைக்கான், அதுக்கு முன்ன ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துரு."

ஞாயிற்றுக்கிழமை சோலைராஜ் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினான். லேசான தூறல். ஜன்னலுக்கு வெளியே மலை பாதி அழிந்துபோயிருந்தது. இறங்கி நடக்கும்போது கோபுரமும் மேகத்துக்குள் போய், அடி மட்டும் தெரிந்தது. திருமுக்குளத்தில் மழைப்புள்ளிகள் விழுந்து விழுந்து அழிந்தன. ஊரே எதையோ சொல்ல எடுத்துச் சொல்லாமல் நின்றது போலிருந்தது.

கருத்தம்மா குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ஜாக்கெட் தைக்கிறாள். முன்னறையில் மெஷின், கொடியில் வரிசையாகத் தைத்த ஜாக்கெட்டுகள். இந்து பக்கத்து வீட்டில் டிவி பார்க்கப் போயிருந்தாள். சோலைராஜ் ஸ்டூலில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னான். கல், கிரானைட், வாசகம், எல்லாவற்றையும் சொன்னான். கருத்தம்மா மெஷினை மிதித்துக்கொண்டே கேட்டாள். மூன்றாவது 'விடு' வந்ததும் மெஷின் நின்றது.

"நான் வரல."

"மதினி, ஊரு ஆசப்படுது..."

"ஊருக்கு என்ன? அதுக்கு உத்தமரு. எனக்கு?" முதல்முறையாக அவனை நேராகப் பார்த்தாள். "எம்புட்டு வருசம் தவங்கெடந்து வயித்துல ஒண்ணு தங்குச்சு. கொழம்பை எறக்கி வச்சுட்டு வாசலைப் பாத்து உக்காந்திருக்கேன். அவியளுக்கு நான் ஞாபகத்துல வரல. புள்ள ஞாபகத்துல வரல. 'கைய விடு'ன்னாராம்ல, தருமரு! யாரைக் கேட்டு அந்த உசுரைக் குடுத்தாரு? அதுல பாதி என்னுது இல்லையா?"

சோலைராஜ் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"இந்து கேக்கா. 'அப்பா அந்தச் சோலை சித்தப்பாவுக்காகவா நம்மள வேண்டாம்னு போனாரு?'ன்னு கேக்கா. என்ன சொல்ல? ஆமாட்டி, ஒங்கப்பன் ரெம்ப நல்லவருன்னு சொல்லவா? இந்த வீட்டுல அவிய போட்டோகூட நான் மாட்டல, தெரியுமா? மாட்டினா தெனமும் வையணும்னு மாட்டல. செத்துப்போன ஆளை எத்தன நாளுதான் வைய?"

இதற்குத்தானா ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்த முகம் அப்படி இருந்தது? சோலைராஜுக்குக் காலுக்குக் கீழே சிமெண்டுத் தரை சீனியாகக் கரைந்தது. அவள் வெறுத்தது அவனை இல்லை. அவன் பிழைத்ததைக் கேவலமாக நினைக்கவே இல்லை. அவள் இத்தனை வருஷமும் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தது சமுத்திரத்தோடு. அந்தக் கோபத்தைக் கொண்டுவந்து கொடுத்தவன் சோலைராஜ். அவன் சொன்ன ஒரு வார்த்தைதான் அவனைச் சுத்தமாக்கிச் சமுத்திரத்தை வீட்டைவிட்டு ஓடினவனாக ஆக்கியிருக்கிறது.

இப்போதும் சும்மா எழுந்து வந்துவிடலாம். 'மதினி வரமாட்டேங்காக' என்று வேல்பாண்டியிடம் சொல்லிவிடலாம். கல் எழும்பும், பேர் நிற்கும், அவன் மேல் யாரும் விரல் நீட்டமாட்டார்கள். அது இன்னொரு மரத்தின் கவட்டை. அங்கே உட்கார்ந்துகொள்ள இடம் நன்றாகத்தான் இருந்தது.

"மதினி, அன்னிக்கு அண்ணன் ஒரு கயிறு கட்டுனாரு. அதை நான் ஒங்ககிட்டச் சொன்னது இல்லைல?"

"என்ன கயிறு?"

சொன்னான். வளையம் எங்கே தொங்கியது என்று தன் தோளைத் தொட்டுக் காட்டினான். மில்லில் இருந்த போர்டைச் சொன்னான். அழகுராஜாவின் ரெண்டு வார்த்தைகளைச் சொன்னான். கருத்தம்மா கத்தரிக்கோலைக் கையில் எடுத்தவள் எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் வைத்திருந்தாள்.

"இரு, இரு. மெதுவாச் சொல்லு. 'கைய விடு'ன்னா..."

"அந்தச் சுருக்குக்குள்ள கைய விடச் சொல்லியிருக்காரு மதினி. தோள் வரைக்கும் நுழைச்சு நான் கயித்துல நின்னுக்கிட்டா ரெண்டு கையாலயும் அவரை இழுத்துருக்கலாம். அவரு போறேங்கல. 'என்னைய மேல தூக்கு'ங்காரு. நான்தான் தப்பாக் கேட்டு விட்டுட்டேன்."

வெளியே தூறல் கொஞ்சம் கனத்தது. கொடியில் தொங்கிய ஜாக்கெட்டுகள் காற்றில் தோளை அசைத்தன.

"ஏலே, நீ சொல்லுதது நெசமா?" அவள் குரல் இறங்கியிருந்தது. "என்னையத் தேத்துறதுக்குச் சொல்லுதியா?"

அவனுக்குத் தெரியாது. ஆற்றுக்கு மட்டும்தான் தெரியும். தெரியாது என்று சொன்னால் அது உண்மை. அந்த உண்மையில் அவனுக்குப் பாதி மன்னிப்பு உண்டு, அவளுக்கு ஒன்றும் இல்லை. சேறு நிறைந்த அந்தக் கண்களை ஒருமுறை நினைத்துப் பார்த்தான். கருவாட்டுக் குழம்புக்காக வெயிலில் அவ்வளவு வேகமாக நடந்து வந்த மனுஷனின் கண்கள்.

"நெசந்தான் மதினி."

அவள் முகத்தில் வலிதான் முதலில் வந்தது. பிறகு, தண்ணீர் வடிந்த இடத்தில் பழைய கரை தெரிவதுபோல, வேறொன்று. "வீட்டுக்கு வரத்தான் பாத்துருக்காரு" என்றாள், அவனிடம் இல்லை. "எங்கிட்ட வரத்தான் பாத்துருக்காரு மனுசன்."

அந்த நேரம் பார்த்து வேல்பாண்டியின் போன் வந்தது. சோலைராஜ் எடுப்பதற்குள் அவள் பிடுங்கிக்கொண்டாள்.

"வேல்பாண்டி, நான் கருத்தம்மா பேசுதேன். கேளு. எங்க வீட்டு ஆளு உசுரை ஈயவும் இல்ல, ஓயவும் இல்ல. பொழைக்கப் பாத்தாரு. கடேசி வரைக்கும் பொழைக்கப் பாத்தாரு. கல்லுல எழுதுறதா இருந்தா அதை எழுது... என்னது? நல்லா இருக்காதா?... பொழைக்கப் பாத்தான்னு கல்லுல யாரும் எழுதுவாகளாவா? நான் எழுதச் சொல்லுதேன்ல! இல்லைன்னா கல்லே வேண்டாம், அம்மி கொத்திக் குடுத்துரு!"

போனை அவன் மடியில் எறிந்தாள். மூச்சு வாங்கியது. கண் நிறைந்திருந்தது. சோலைராஜ் எழுந்து நின்றான். போகச் சொல்வாள் என்று நினைத்தான்.

"எங்க எந்திரிக்க? உக்காரு."

உட்கார்ந்தான்.

"அப்ப இத்தன நாளும் நான் வஞ்சதெல்லாம் ஆள் மாறிப் போயிருக்கு. அதெல்லாம் ஒனக்கு வரவேண்டியது."

"ஆமா மதினி."

"ஆமா மதினியாம், ஆமா மதினி! காதுல என்னத்தலே வச்சிருந்த, பஞ்சா? கண்ணு முன்னால கயிறு தொங்குது, கட்டுன மனுசன் கத்துதாரு, எருமைமாடு மாதிரி..."

அவள் தொடங்கினாள். சமுத்திரத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த அத்தனையும் வந்தது. சோம்பேறி என்றாள், செவிடன் என்றாள், கொலைகாரப் பாவி என்றாள். மூக்கைச் சிந்திக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். சந்தில் போன ஒரு பெண் குடையைச் சாய்த்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். சோலைராஜ் கையிரண்டையும் முழங்கால் மேல் வைத்து, தலையைக் குனியாமல், ஒவ்வொரு வசவுக்கும் முகம் கொடுத்து உட்கார்ந்திருந்தான். நடுநடுவே அவள் குரல் உடைந்து, "எம்புருசன்" என்று ஒரு வார்த்தை அதில் வந்து விழுந்தது. ஒவ்வொரு முறையும் அந்த வார்த்தை முன்னைவிடக் கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் பிரியமாக விழுந்தது. மழை பெய்துகொண்டிருந்தது.